இன்னும் காயாத மரம்

கேலன் ஷெர்க் எந்த வேலையையும் முடித்ததில்லை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அது அநியாயம். முப்பத்தொரு வருடம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன் அவன். இரவெல்லாம் பனி கொட்டினாலும் பள்ளிக்கூட வண்டி கிளம்புவதற்குள் எங்கள் மலைச்சாலை கறுப்பாகத் தெரியும். அடுத்தவர் வேலை என்றால் கேலன் புலி. தன் வேலை என்றால்தான் ஊறப்போடுவான். அவன் வீட்டு முன்வாசல் கைப்பிடி பாதி வெள்ளை, பாதி பச்சை. பச்சை நின்றுபோனது 2004-இல்.

அவன் முடிக்காத துப்பாக்கி அதற்கும் முந்திய கதை. பென்சில்வேனியாவில் எங்கள் மலைப்பக்கத்து ஆண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டாளம் கழித்துப்போட்ட பழைய துப்பாக்கி ஒன்றை வாங்குவார்கள். தோளில் பதிகிற அதன் முரட்டு மரக்கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்பை மட்டும் வைத்துக்கொண்டு, தங்கள் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்துகிற மாதிரி புதிதாக ஒன்றைச் செய்துகொள்வார்கள். குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு அடியில் இருக்கும் அறையில் இதுதான் வேலை. மனைவிமார் மாடியில் நிம்மதியாக இருப்பார்கள்.

கேலனும் 1996-இல் ஒரு பழைய மவுசர் துப்பாக்கி வாங்கினான். இரண்டு வருடம் கழித்துப் புதுக் குழல் போட்டான். இன்னொரு ஐந்து வருடத்தில் விசையை மாற்றினான். இரும்பு வேலை எல்லாம் எப்படியோ முடிந்தது. பாக்கி இருந்தது கட்டை மட்டும். அதற்கும் மரம் தயாராக இருந்தது. ஒரு பண்ணை ஏலத்தில் எடுத்த கறுப்பு வால்நட். மூன்றடி நீளம், இரண்டரை அங்குலக் கனம், கிளை பிரிகிற இடத்தில் அறுத்தது. நனைத்த துணியால் துடைத்தால் அதன் ரேகை தேன் வழிந்த மாதிரி ஓடும். அதை ஒரு பழைய கம்பளியில் சுற்றி, கீழறைப் பரணில் வைத்திருந்தான். மாதம் ஒரு தடவை இறக்குவான், துடைப்பான், பென்சிலால் போட்ட கோட்டைப் பார்ப்பான், திரும்பச் சுற்றி வைத்துவிடுவான். இருபத்திரண்டு வருடம் இதுதான் நடந்தது.

ஒவ்வொரு நவம்பரிலும், மான் வேட்டை தொடங்குவதற்கு முதல் நாள், தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊருக்கே சூப் ஊற்றுவார்கள். அங்கே யாராவது கேட்பார்கள்: “என்ன கேலன், பொறந்துடுச்சா?”

“மரம் இன்னும் காயல” என்பான் கேலன்.

வால்நட் ஒரு அங்குலம் காய ஒரு வருடம் ஆகும் என்பது கணக்கு. அந்தக் கணக்குப்படி இந்தக் கட்டை எட்டு முறைக்கு மேல் காய்ந்திருக்க வேண்டும். கூடமே சிரிக்கும். கேலனும் சிரிப்பான். உண்மையான காரணத்தை அவன் மனைவி ஃபெர்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். வெட்டினால் ஒட்ட முடியாது, அதுதான் காரணம். ஒரு உளி வழுக்கினால் போச்சு. அந்த மாதிரி மரம் ஒருவனுக்கு இரண்டு தடவை கிடைக்காது. ஃபெர்ன் இதைக் கேட்டுக் கேட்டு, காது இருப்பதே மறந்துபோனவள்.

2018 அக்டோபரில் கேலனுக்கு வெறும் இருமலாகத்தான் ஆரம்பித்தது. அதையும் ஊறப்போட்டான். எட்டாம் தேதி சாயங்காலம் நாற்காலியில் இருந்து எழ முடியவில்லை. ஒன்பதாம் தேதி நகரத்து ஆஸ்பத்திரியில், நுரையீரலில் இருந்த விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று சொல்லி, தூங்க வைத்து, தொண்டையில் குழாயை இறக்கிவிட்டார்கள். அந்தக் குழாயோடு பத்தொன்பது நாள் கிடந்தான்.

அந்தப் பத்தொன்பது நாளும் அவன் கீழறையில் இருந்தான். மற்றவர்களுக்கு அது மயக்கம். அவனுக்கு வேலை. கம்பளியைப் பிரித்தான். கட்டையை இடுக்கியில் மாட்டினான். முதல் முறையாக உளியை வைத்தான், வழுக்கவில்லை. இரும்புக்கு மை தடவி மரத்தில் அழுத்துவான், மை ஒட்டிய இடத்தை மட்டும் சீவுவான், மறுபடி அழுத்துவான். சுருள் சுருளாக மரம் விழுந்தது. அதன் வாசனை மூக்கில் ஏறியது. யாரோ தூரத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இதை முடித்துவிட்டு வருகிறேன் என்று நினைத்துக்கொண்டான். கைப்பிடி வளைவு வரைக்கும் வந்தபோது கண் திறந்தது.

பேச்சு வந்ததும் முதலில் சொன்னது இந்தக் கதையைத்தான். தாதி ஒருத்தி கேட்டுவிட்டுக் கண் கலங்கி, ஃபெர்னின் கையைப் பிடித்து, “அந்த மரந்தாம்மா இவரை இழுத்துட்டு வந்திருக்கு. பத்திரமா வெச்சுக்குங்க” என்றாள். ஃபெர்ன் தலையை ஆட்டிவிட்டுக் குளியலறைக்குள் போனாள். வெளியே வர வெகுநேரம் ஆனது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று கேலன் நினைத்துக்கொண்டான். மனிதனால் எவ்வளவு தூரம் தப்பாக நினைக்க முடியும் என்பதற்கு இது ஒன்று போதும்.

டிசம்பரில் வீட்டுக்கு வந்தான். இருநூற்றுப் பத்து பவுண்டு இருந்தவன் நூற்று நாற்பத்தெட்டுக்கு வந்திருந்தான். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக மான் பருவத்தைத் தவறவிட்டிருந்தான். அதைப் பற்றி அவன் புலம்பவே இல்லை. அடுத்த நவம்பரில் அந்தத் துப்பாக்கியோடுதான் மலை ஏறுவேன் என்று வந்தவர் போனவரிடம் எல்லாம் சொன்னான். கீழறைக்குப் பதின்மூன்று படி. தினம் ஒரு படி கூடுதலாக இறங்கிப் பழகினான். ஃபெர்ன் மட்டும், என்ன அவசரம், வசந்தகாலம் வரட்டும், அங்கே குளிர் அதிகம் என்று ஏதாவது ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இருபத்திரண்டு வருடம் அவசரப்படுத்தியவள் இப்போது தள்ளிப்போடுகிறாளே என்று அவனுக்குச் சிரிப்பாக வந்தது.

பிப்ரவரியில் ஒரு காலை, அவள் கடைக்குப் போயிருந்த நேரம், பதின்மூன்று படியையும் இறங்கிவிட்டான். மூச்சு வாங்கியது. பரணில் கம்பளி இருந்தது. இறக்கினான். பிரித்தான்.

நல்ல வால்நட். மூன்றடி, இரண்டரை அங்குலம். ஆனால் அது வேறு மரம்.

கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது. கனம் வேறு, குளிர்ச்சி வேறு. பென்சில் கோடு இல்லை. கிளை பிரிகிற சுழி இருந்தது, ஆனால் தப்பான பக்கம். தன் பிள்ளையின் போர்வையை விலக்கினால் அடுத்த வீட்டுப் பிள்ளை படுத்திருக்கிற மாதிரி இருந்தது. ஒரு கணம், மருந்தில் தன் மூளை கெட்டுவிட்டதோ என்றுகூடப் பயந்தான். எத்தனையோ பேருக்கு அப்படி ஆகியிருக்கிறது. பரணில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினான். பழைய பெயின்ட் டப்பா இருந்தது. பச்சை.

ஃபெர்ன் திரும்பி வந்தபோது அவன் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். அந்த வேற்று மரம் அவன் முன்னால் கிடந்தது. அவள் பைகளைக் கீழே வைத்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“என் மரம் எங்க, ஃபெர்ன்?”

“டெல்மர்கிட்ட.”

“டெல்மர் அத வெச்சு என்ன பண்றான்?”

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “பண்ணி முடிச்சுட்டான். பெட்டி.”

“என்ன பெட்டி?”

“உன் சாம்பல் வைக்க.”

கேலனுக்குக் காது அடைத்துக்கொண்டது. அவள் பேசுவது வாயசைவாகத்தான் தெரிந்தது. பிறகு மெல்ல மெல்லச் சத்தம் வந்தது. ஐந்தாவது நாள் டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, இனி நம்பிக்கை இல்லை, வேண்டியதைச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். தன்னை எரித்துச் சாம்பலை வேட்டைக் குடிசைக்கு மேலே உள்ள மலையில் புதைக்க வேண்டும் என்று கேலன்தான் எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பான். இறுதிச்சடங்குக்காரர் படம் போட்ட புத்தகம் ஒன்றைக் காட்டினாராம். அதில் இருந்ததெல்லாம் பிஸ்கட் ஜாடி மாதிரி இருந்ததாம்.

“உன்ன பிஸ்கட் ஜாடில போட எனக்கு மனசு வரல” என்றாள் ஃபெர்ன். “இருபத்திரண்டு வருஷமா அந்தக் கட்டைய தடவிப் பாத்ததோட சரி. அதுக்குள்ளயாவது போய்ப் படுக்கட்டும்னு நெனச்சேன்.”

கண் விழித்து அவன் அந்தக் கதையைச் சொன்ன பிறகு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று மர அறுவை மில் ஏறி இறங்கி, சாயலில் ஒத்த ஒன்றைத் தேடிப் பிடித்து, அதே கம்பளியில் சுற்றி வைத்திருக்கிறாள். கண்டுபிடித்துவிடுவான் என்று தெரியும். தெரிந்தேதான் வைத்தாளாம்.

கேலன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். “நான் அங்க படுத்துட்டுச் செதுக்கிட்டு இருந்தேன், ஃபெர்ன். இங்க கட்டையே இல்ல.”

அவள் எழுந்து கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

டெல்மர் க்ரைடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமையலறை அலமாரி செய்கிறவன், கேலனோடு ஒரே வகுப்பில் படித்தவன், நாற்பது வருட வேட்டைக் கூட்டாளி. கேலனுக்கு நேர் எதிர். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றால் வியாழக்கிழமை கொண்டுவந்து வைத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உளியைத் தொட மாட்டான். அவன் தேவாலயத்தில் அது பாவம். அவன் செய்த பொருள் எதைத் திருப்பிப் பார்த்தாலும் அடிப்பக்கத்தில், எண்ணெய் பூசிய தேதிகள் பென்சிலில் வரிசையாக இருக்கும்.

அன்றைக்கே கேலன் அவன் பட்டறைக்குப் போனான். டெல்மர் அவன் முகத்தைப் பார்த்ததும் ரம்பத்தை நிறுத்தினான். ஒன்றும் கேட்காமல் அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான்.

அழகான பெட்டி. அதுதான் கொடுமை. ஒரே பலகையை மடக்கின மாதிரி, நான்கு பக்கமும் ரேகை அறுபடாமல் சுற்றி ஓடியது. மூலை எங்கே சேர்கிறது என்று நகத்தால் தேடினாலும் தெரியாது. மூடியில் அந்தச் சுழி. சுழிக்குக் கீழே எழுத்து. கேலன் ஷெர்க். 1960 – 2018.

கேலன் அந்த இரண்டாவது எண்ணின் மேல் விரலை வைத்தான். எட்டின் வளைவு ஆழமாக, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. தன் சாவைத் தடவிப் பார்த்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கேலன் கையை எடுத்தான். ஒரு முக்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

“வருஷத்தையாவது விட்டு வெச்சிருக்கலாம்லடா.”

“பாதில விடுறது நீ. நான் இல்ல” என்றான் டெல்மர்.

“உள்ள ரொம்பப் பெருசா இருக்கே.”

“ஒரு பவுண்டுக்கு ஒரு கன அங்குலம்னு கணக்கு. அப்ப நீ இருநூத்திப் பத்து. இப்ப கேட்டிருந்தா சின்னதா பண்ணியிருப்பேன்.”

இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள், வரவில்லை. டெல்மர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். மரத்தூசி என்றான். கட்டையை நீளவாக்கில் மூன்று பலகையாக அறுத்ததையும், ஒரு முழுப் பலகையும் ஒன்றரைச் சாண் துண்டு ஒன்றும் மிச்சம் இருப்பதையும் சொல்லி, அவற்றையும் கொண்டுவந்து வைத்தான். அறுக்கிறபோது கை கூசியது, ஃபெர்ன் கேட்டாள், எப்படி மாட்டேன் என்பது என்றான்.

கேலன் பெட்டியையும் பலகைகளையும் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான். பெட்டியைச் சாப்பாட்டு மேசையில், உப்புக்கும் மிளகுக்கும் பக்கத்தில் வைத்தான். எடுக்க ஃபெர்னுக்குத் தைரியம் இல்லை. ஒன்பது நாள் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருவரும் சாப்பிட்டார்கள். மாத்திரை போட்டாயா, போட்டேன். பனி விழுமா, விழும். அதற்கு மேல் பேச்சில்லை.

மரம் போனது அவனுக்கு வலித்தது, உண்மைதான். ஆனால் ராத்திரியில் நெஞ்சை அடைத்தது அது இல்லை. ஐந்தாவது நாளே. பத்தொன்பது நாள் அவன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான், அவள் ஐந்தாவது நாளே விட்டுவிட்டாள். முப்பத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவள். ஒரு நாள் சூப் ஆறிக்கொண்டிருக்கையில் அதை வாய்விட்டே சொல்லிவிட்டான்.

“அஞ்சாவது நாளே, என்ன?”

“ஆமா” என்றாள் ஃபெர்ன். எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள்.

அந்த ஒரு ‘ஆமா’ அவனைத் தீர்த்துவிட்டது. ஏதாவது சமாதானம் சொல்லியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். துப்பாக்கியும் வேண்டாம், மலையும் வேண்டாம் என்று முடிவு கட்டினான். மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழறைக்கு இறங்கினான். அங்கே விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடிப்பலகையை முதலில் பெயர்த்துவிட்டால் மற்றவை தானாகக் கழன்றுவிடும். மரச் சுத்தியலை எடுத்தான். பெட்டியைக் கவிழ்த்தான்.

அடியில் டெல்மரின் பென்சில் எழுத்து. அக். 17. அக். 18. அக். 19. அக். 21.

நான்கு பூச்சு. மண்ணுக்குள் போகிற பெட்டிக்கு எதற்கு நான்கு பூச்சு என்றுதான் முதலில் தோன்றியது. ராஜா வீட்டு மேசைக்கே டெல்மர் மூன்றுக்கு மேல் பூச மாட்டான். சுத்தியலை ஓங்கினான். பிறகு இறக்கினான். சுவரில் போன வருடத்து நாட்காட்டி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றாததற்கு யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. அக்டோபர் இருபத்தொன்று ஞாயிற்றுக்கிழமை.

கேலன் அந்தத் தேதியை இன்னொரு தடவை படித்தான். ஐம்பது வருடமாகத் தெரிந்தவன். ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை வேட்டைக் குடிசையில் கூரை ஒழுகியபோதுகூட, வாளியை வைத்துவிட்டுத் திங்கட்கிழமை காலைதான் ஏணியில் ஏறியவன் டெல்மர்.

தொலைபேசியில் கூப்பிட்டான். “ஞாயித்துக்கெழம எண்ணெய் பூசியிருக்க.”

அந்தப் பக்கம் ரம்பம் ஓடுகிற சத்தம் நின்றது. “ஃபெர்ன் கேட்டா” என்றான் டெல்மர்.

“ஏன் கேட்டா?”

“எனக்கு என்ன தெரியும்? பெட்டி புதன்கெழமையே ரெடி. ஒரு பூச்சு போதும்னேன். போன் பண்ணி இன்னொண்ணு பூசுன்னா. பூசினேன். வெள்ளிக்கெழம காலைல மறுபடி போன். காஞ்சிடுச்சான்னு கேட்டா, காஞ்சிடுச்சுன்னேன். இல்ல டெல்மர், காயல, இன்னொண்ணு பூசுன்னா. ஞாயித்துக்கெழம தேவாலயத்துலேருந்து வெளிய வரேன், அப்பவும் போன். அழுதா. ஞாயித்துக்கெழம நான் எதையும் தொட மாட்டேன்னு அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுட்டு கேக்குறான்னா நான் என்ன சொல்ல? அவகிட்டயே கேளு.”

கேலன் படியேறினான். வழக்கமாக நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்குவான். அன்று எங்கே நின்றான் என்று அவனுக்கே நினைவில்லை. ஃபெர்ன் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கவிழ்த்து, அந்த எழுத்துத் தெரிகிற மாதிரி துண்டுகளின் மேல் வைத்தான்.

“எதுக்கு நாலு பூச்சு?”

அவள் எழுத்தைப் படித்தாள். மடித்த துண்டையே திரும்ப மடித்தாள்.

“வியாழக்கெழம அந்த டாக்டர் வந்தார்” என்றாள். “இப்ப மெஷின்தான் மூச்சு விடுது, அவர் விடல, வெள்ளிக்கெழம காலைல குழாய எடுத்துடலாம்னார். நான் சரின்னேன், கேலன். சரின்னு சொல்லிட்டேன். கையெழுத்துப் போடக் காகிதத்தை எடுத்துட்டு வந்தாங்க.”

கேலன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

“பேனாவைக் கையில வாங்கினேன். அப்புறம் என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? மரம் இன்னும் காயலன்னு சொன்னேன்.”

“என்ன?”

“அதான். மரம் இன்னும் காயல. டாக்டர் புரியாமப் பாத்தார். என் புருஷனுக்கு ஒரு பெட்டி செய்யறாங்க, எண்ணெய் பூசியிருக்கு, அது காயாம என்னால அனுப்ப முடியாதுன்னேன். பைத்தியம்னு நெனச்சிருப்பார். எத்தன நாள் ஆகும்னு கேட்டார். திங்கக்கெழமைன்னேன். பொய் சொல்லிட்டேனேன்னு பயம். யாராவது போய்ப் பாத்தா? அதான் டெல்மர மறுபடி மறுபடி பூசச் சொன்னேன். நெசமாவே காயாம இருக்கணும்ல.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் டெல்மர் நான்காவது பூச்சைப் பூசினான். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, கேலனின் கைக்குள் ஃபெர்ன் வைத்திருந்த விரலை அந்தக் கை அழுத்தியது. தற்செயலாக இருக்கும் என்று தாதி சொன்னாள். இன்னொரு தடவை அழுத்தியது. மறுநாள் யாரும் காகிதத்தைக் கொண்டுவரவில்லை.

மலையில் கால் வைத்த பாறை நழுவி, தொங்கிக்கொண்டே கீழே பார்க்கிறவனுக்கு வருகிற நடுக்கம் கேலனுக்கு வந்தது. அதுவும் நான்கு மாதம் கழித்து வந்தது. வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமையில் அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? விசைக்கு இடம் வெட்டிக்கொண்டிருந்திருப்பான். ஒரு கையெழுத்துத் தூரம். தன்னைப் பிடித்து இழுத்து வந்தது தன் உளிதான் என்று இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டிருந்தான். ஊரெல்லாம் சிரித்த ஒரு சாக்கு, அதுவும் சோம்பேறியின் சாக்கு, இவள் வாய் வழியாகப் போய்ச் சாவை மூன்று நாள் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது.

“ஏன் சொல்லல?”

“எத முதல்ல சொல்ல? சரின்னு சொன்னதையா, காயலன்னு சொன்னதையா?” அவள் அப்போதுதான் அழுதாள். “நீ அஞ்சாவது நாளேன்னு கேட்ட. ஆமான்னேன். அதுவும் நெசந்தான.”

கேலன் அவள் பக்கத்தில், துண்டுகளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தான். பெட்டியைக் காட்டி, இதை அடுப்பில் போட இருந்தேன் என்றான். அவள் அவன் முழங்காலில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை.

வெட்டினால் ஒட்ட முடியாது என்று இருபத்திரண்டு வருடம் சொன்னவன் மறுநாளே ஒட்ட ஆரம்பித்தான். டெல்மரும் வந்தான். பெட்டியை ஆவி காட்டி, மூட்டு மூட்டாகப் பிரித்தார்கள். டெல்மரின் மூட்டு எளிதில் விடுமா? இரண்டு நாள் பிடித்தது. மூன்று பலகையையும் மரத்தில் இருந்த வரிசைப்படியே அடுக்கினார்கள். நடுவில் அறுபடாத முழுப் பலகை. இரண்டு பக்கமும் பெட்டியின் துண்டுகள், ரேகைக்கு ரேகை பார்த்து, முனையைச் சாய்வாகச் சீவி, பசை போட்டு இறுக்கினார்கள். குறுக்கே இரண்டு எஃகு ஆணி. மூடி எங்கே போவது என்பதில்தான் சண்டை வந்தது. எழுத்தை இழைத்து எடுத்துவிடலாம் என்றான் டெல்மர். இழைக்க வேண்டாம் என்றான் கேலன். மூடியைக் கன்னம் பதிகிற இடத்தில் வைத்து, எழுத்து உள்பக்கமாக, நடுப்பலகையைப் பார்க்கிற மாதிரி ஒட்டச் சொன்னான். பெயரும் வருடமும் மரத்துக்குள் போய்விட்டன. அது அங்கே இருப்பது மூன்று பேருக்குத் தெரியும்.

அப்புறம் செதுக்கினான். மயக்கத்தில் வழுக்காத உளி இப்போது இரண்டு தடவை வழுக்கியது. வழுக்கின இடத்தைப் பார்த்தான், மேற்கொண்டு செதுக்கினான். ஒரு நாளைக்கு அரை மணி, பிறகு ஒரு மணி. ஆகஸ்டில் இரும்பு மரத்தில் உட்கார்ந்தது. அக்டோபரில் ஃபெர்னும் அவனும் மாறி மாறி உள்ளங்கையால் எண்ணெய் தேய்த்தார்கள். அவள் வாங்கிவந்த வேற்று மரத்தை என்ன செய்வது என்று கேட்டாள். கேலன் அதைக் கம்பளியில் சுற்றித் திரும்பப் பரணில் வைத்தான்.

“அடுத்த பெட்டிக்கு ஆச்சு. அவசரமில்ல. காயட்டும்.”

அந்த வருடம்தான் அரசாங்கம் மான் வேட்டையின் முதல் நாளைத் திங்களில் இருந்து சனிக்கிழமைக்கு மாற்றியது. ஊரே அதைத் திட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூடியது. ஃபெர்ன் வழக்கம்போலக் கோழியும் சோளமும் போட்ட சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். கேலன் டெல்மரோடு உள்ளே வந்தான். நூற்றெழுபது பவுண்டுக்கு ஏறியிருந்தான். கையில் இருந்த உறையைப் பிரித்து நீள மேசையில் வைத்தான்.

பேச்சு நின்றுபோனது. ஒவ்வொருவராக எழுந்து வந்து தூக்கிப் பார்த்தார்கள், தோளில் வைத்துப் பார்த்தார்கள், கன்னத்தைப் பதித்தார்கள். பசைக்கோடுகள் எல்லோர் கண்ணுக்கும் பட்டன. நல்ல முழுக் கட்டை ஒன்று வைத்திருந்தாயே, இதில் ஏன் இத்தனை துண்டு என்று ஒருவர் கேட்டார். அதே கட்டைதான் என்று மட்டும் சொன்னான் கேலன்.

பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது, ஒவ்வொரு வருடமும் வருகிற அதே குரல். “அப்ப மரம் ஒருவழியா காஞ்சிடுச்சாக்கும்?”

கேலன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். சூப் அண்டாவின் பக்கம் பார்த்தான்.

ஃபெர்ன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “காஞ்சிடுச்சு” என்றாள். “இப்பதான் காஞ்சது.”

கூடமே சிரித்தது. மூன்று பேர் மட்டும் சிரிக்கவில்லை.